மழைக்கு ஒதுங்கிய இரக்கம்

மழைக்கு ஒரு வீட்டில் ஒதுங்கினால், அந்த வீட்டுக்குப் போனதாகக் கணக்கா... இல்லையா?

சிரிக்காதீர்கள். இரண்டு கிழமையாக என் தலைக்குள் இதுதான் ஓடுகிறது. சோறு வடிக்கும்போது ‘போனதுதான்’ என்று தோன்றுகிறது. கஞ்சி ஆறுவதற்குள் ‘இல்லையோ’ என்று வந்துவிடுகிறது. கேட்டது என் எட்டு வயது மகள் ஜெனி. பாடத்தில் சந்தேகம் என்றால் கூகிளில் பார்த்துச் சொல்லிவிடலாம். இதற்கும் பார்த்தேன் – குடை விளம்பரம்தான் வந்தது.

நாங்கள் மட்டும் ஒதுங்கியிருந்தால் பிரச்சினை இல்லை. எங்களோடு ஒதுங்கியவர் ஆண்டவர்.

விளங்கவில்லையா? முதலிலிருந்து சொல்கிறேன்.

எங்கள் ஒழுங்கை கிளிநொச்சி ரவுணிலிருந்து கொஞ்சம் உள்ளே, வாய்க்கால் கரையோடு போகிறது. பெரும்பாலும் சைவ வீடுகள். இடையிடையே கத்தோலிக்கர் நாங்கள், பத்து வீடுகள். பெரிய வெள்ளி தொடங்கி இறை இரக்க ஞாயிறுக்கு முதல்நாள் வரை எங்களுக்கு நவநாள். இறை இரக்க ஆண்டவரின் படம் – நெஞ்சிலிருந்து சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு கதிர் வருமே, அந்தப் படம் – ஒவ்வொரு மாலையும் ஒரு வீட்டுக்குப் போகும். இரவு அங்கே தங்கும். மறுநாள் மாலை அந்த வீட்டுக்காரர் படத்தைத் தூக்கிக்கொண்டு முன்னே நடக்க, நாங்கள் மெழுகுதிரியோடு பாடிக்கொண்டு பின்னே நடக்க, அடுத்த வீட்டுக்குப் போகும். அங்கே செபம். பிறகு தேத்தண்ணி.

நவநாள் என்றால் ஒன்பது மாலை. வீடுகளோ பத்து.

செபக்குழுவின் தலைவி பெர்னடெற் ரீச்சர், ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. ஒழுங்குபண்ணும் கூட்டத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டார்.

“ஒன்பது பின்னேரம், பத்து வீடு. என்ன செய்வம்?”

யாரும் யாரையும் பார்க்கவில்லை. எல்லோரும் சீமெந்து நிலத்தைப் பார்த்தோம். விடை அங்கேதான் கிடந்தது போல!

கடைசியில் கொன்ஸி அன்ரி தொண்டையைச் செருமினார். எங்கள் ஒழுங்கையில் யார் வீட்டில் என்ன கறி என்பது சட்டி இறக்குமுன்னே தெரிந்தவர்.

“ஜெசிந்தாவின்ர வீடு சின்னன் ரீச்சர். இவ்வளவு சனமும் போய் நெரிபட்டா அவவுக்குத்தான் கரைச்சல். விடியக் கருக்கலில எழும்பி இடியப்பம் அவிச்சுக் கடையளுக்குக் குடுக்கிற மனுசி. பாவம்... ஏன் அவவை ஆக்கினைப்படுத்துவான்?”

பாருங்கள் – ஒரு வீட்டைத் தள்ளிவைக்க இதைவிட இரக்கமான காரணம் கிடைக்குமா?

“ஓமோம், பாவம்தானே” என்றார் ஒருவர். “அவவுக்கும் ஒரு ஓய்வு வேணும்” என்றார் இன்னொருவர். ஒரே நிமிடத்தில் கூட்டம் முழுவதற்கும் ஜெசிந்தா அக்காவில் அப்படியொரு பரிவு.

யாரும் யாரையும் தீர்ப்பிடவில்லை. இதை நீங்கள் கவனிக்கவேண்டும். கணக்குத்தான் தீர்ப்பிட்டது. பத்தை ஒன்பதால் வகுத்தோம், மிச்சம் ஒன்று வந்தது. அந்த மிச்சம் ஜெசிந்தா அக்கா. அவர் கூட்டத்தில் இல்லை. அந்த நேரம் கடைக்கு மா வாங்கப் போயிருந்தார்.

நானும் தலையை ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்து சட்டி கழுவும்போதுதான் யோசனை வந்தது. ஒரு மாலையில் இரண்டு வீட்டுக்குப் போனால் என்ன? இதற்குக் கணித ஆசிரியையும் வேண்டாம், கம்பஸில் நான் எடுத்த பட்டமும் வேண்டாம். ரீச்சருக்குப் போன் எடுப்போமா என்று பார்த்தேன். கை ஈரமாக இருந்தது. துடைத்து முடிந்தபோது, ‘தீர்மானித்தாயிற்று, இனி என்னத்துக்கு’ என்று தோன்றியது. பட்டம் எடுக்கத் தெரிந்த எனக்கு முடிவு மட்டும் எடுக்க வராது.

ஜெசிந்தா அக்கா ஏன் மிச்சமானார் என்று உங்களுக்குச் சொல்லவேண்டும். அவருடைய கணவர் தாசன் அண்ணை முள்ளிவாய்க்காலில், யுத்தத்தின் கடைசி நாட்களில் சனத்துக்குள் பிரிபட்டவர். அன்று கை நழுவியதுதான். முகாம், கந்தோர், ஆணைக்குழு என்று அக்கா தேடாத இடமில்லை. ஆள் இருக்கிறார் என்றும் தெரியாது, இல்லை என்றும் தெரியாது. இப்போது சில வருடங்களாக அந்த வீட்டில் யோகன் அண்ணை இருக்கிறார். தண்ணீர்ப் பம்ப் திருத்துபவர். அதிகம் கதைக்கமாட்டார்.

இவர்களுக்குக் கோயிலில் கலியாணம் எழுதமுடியாது. எழுதுவதற்குத் தாசன் அண்ணை இறந்ததாக அத்தாட்சி வேண்டும். அந்தப் பத்திரத்தை எடுக்க அக்கா சம்மதிக்கவில்லை. “நான் போய்க் கையெழுத்து வைச்சா, நானே அவரைச் சாகடிச்ச மாதிரி” என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

ஆக, அரசாங்கத்துக்குத் தாசன் அண்ணை காணாமல்போனவர். கோயிலுக்குக் கணவர். எங்கள் ஒழுங்கைக்கோ இந்தச் சிக்கல் ஒன்றுமே இல்லை – எங்களுக்கு அக்காவின் வீடு வெறும் ‘அந்த நீலக் கேற்.’

“பேர் சொல்ல விரும்பேல்லை... பாவ வாழ்க்கையில இருக்கிற ஒரு குடும்பத்துக்காகச் செபிப்பம்” என்பார் கொன்ஸி அன்ரி. எல்லோரும் கண்ணை மூடுவோம். “அந்த நீலக் கேற்” என்று கண் மூடியிருக்கும்போதே சேர்த்துச் சொல்வார். பெயர் சொல்லவில்லைத்தானே?

அன்ரி பேச்சைத் தொடங்கும் விதமே தனி. “தீர்ப்பிடுறன் எண்டு நினைக்காதேங்கோ பிள்ளை, ஆனா...” இந்த ‘ஆனா’ ஒரு கேற் மாதிரி. அதற்கு இந்தப் பக்கம் எல்லோரும் புனிதர்கள். அது திறந்தால்தான் வளவுக்குள் இருக்கும் நாய் தெரியும். ஆனா... நானும் அன்ரியைத் தீர்ப்பிடவில்லை.

சரி. நவநாள் தொடங்கியது. பெரிய வெள்ளி என்பதால் முதல் வீட்டில் வெறும் தேத்தண்ணி. சனிக்கிழமை பிஸ்கட் வந்தது. உயிர்த்த ஞாயிறு கேக்கும் சோடாவும். அதன்பிறகு எந்த வீட்டாலும் பின்வாங்க முடியவில்லை. ரோல்ஸ், பற்றீஸ், வட்டிலப்பம்... இரக்கம் வீட்டுக்கு வீடு எண்ணெயில் பொரிந்துகொண்டு போனது. கடைசி மாலை எங்கள் வீடு. எனக்கு நித்திரை போய்விட்டது.

நித்திரை போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஜெனியின் கையில் ஒரு கறுப்பு நூல்.

மாசியில் பிள்ளை காய்ச்சலில் கிடந்து, திடுக்கிட்டுத் திடுக்கிட்டுக் கத்தியது. பக்கத்து வீட்டுச் சரசக்கா, “பயந்திட்டுது போல” என்று பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டிப்போய் ஐயரிடம் கட்டுவித்துக்கொண்டு வந்தார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொன்னேனோ... இல்லை, சொல்லவில்லை. காய்ச்சல் விட்டது. டொக்டர் தந்த குளிசையாலா நூலாலா என்று தெரியாது. அறுக்கப் பயம். அறுக்காமல் செபத்துக்குப் போகவும் பயம். அதனால் சித்திரை வெயிலில் பிள்ளைக்கு முழுக்கைச் சட்டை போட்டேன்.

“அம்மா, வேர்க்குது.”

“ஆண்டவருக்கு ஒப்புக்குடு பிள்ளை.”

உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு வந்த செவ்வாய். படம் கொன்ஸி அன்ரி வீட்டிலிருந்து ரீச்சர் வீட்டுக்குப் போகவேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஜெசிந்தா அக்காவின் வளவு. அக்கா ஒவ்வொரு மாலையும் நாங்கள் போகும் நேரம் கேற்றடியில் வந்து நிற்பார். எங்கள் பாட்டுக்குரல் அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் உயரும். உரக்கப் பாடினால் பக்கத்தில் நிற்பவரைப் பார்க்கத் தேவையில்லை பாருங்கள்.

அன்றைக்கு மழை பிடித்துக்கொண்டது. சித்திரை மழைக்கு முன்னறிவித்தல் ஏது? முதல் துளி விழுந்து, அது மழையா குருவி எச்சமா என்று பார்ப்பதற்குள் கொட்டிவிட்டது. மெழுகுதிரி எல்லாம் நூர்ந்துபோயிற்று.

“கெதியா நடவுங்கோ! என்ர வீடு இந்தா வந்திட்டுது!” ரீச்சர் முன்னால் ஓடினார். வீடு எங்கே வந்தது? வளைவுக்கு அப்பால் கிடந்தது.

படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கொன்ஸி அன்ரி. சட்டத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன பல்ப், பின்னால் பற்றரி – எல்லாம் அன்ரியின் உபயம்.

“அன்ரி, கவனம். வயர் கிடக்கு. மின்னல் அதைத்தான் முதல் தேடும்” என்றார் என் கணவர். இவருக்கு எந்த நேரத்தில் பகிடி விடுவது என்று தெரியாது.

வானம் வெடித்தது.

“மாதாவே!” என்று கத்தினார் அன்ரி. அடுத்த கணம் ஆண்டவரையும் கட்டிப்பிடித்துக்கொண்டு நீலக் கேற்றுக்குள் பாய்ந்தார்.

பின்னால் நாங்கள் எல்லோரும். ஆண்டவர் போகும் இடத்துக்குத்தானே அடியார்கள் போகவேண்டும்?

உள்ளே போய் நின்றபோது எல்லோருக்கும் ஒரு திகைப்பு. விறாந்தையில் ஒரு சின்ன மேசை. அதன்மேல் அயன் பண்ணிய வெள்ளைச் சீலை. பற்றவைக்காத இரண்டு மெழுகுதிரி. ஒரு கிளாசில் அன்றைக்குப் பிடுங்கிய நித்தியகல்யாணிப் பூ.

“அக்கா... இது?” என்றேன்.

“சும்மா தங்கச்சி. ஒவ்வொரு பின்னேரமும் விரிச்சு வைக்கிறனான். ஒருவேளை வந்தா எண்டு... நீங்கள் எல்லாரும் செபம் முடிஞ்சு திரும்பிப் போனாப் பிறகு மடிச்சு வைச்சிடுவன்.”

கொன்ஸி அன்ரி படத்தை எங்கே வைப்பது என்று நாலு பக்கமும் பார்த்தார். வேறு இடமில்லை. அந்த மேசையிலேயே வைத்தார். பல்ப் மாலை ஒருதரம் மினுங்கி அணைந்தது.

நாங்கள் எல்லோரும் இருந்த பிறகும் இரண்டு கதிரை மிச்சமாகக் கிடந்தது. வீடு சின்னன் என்ற எங்கள் கவலை அத்தோடு தீர்ந்தது.

யோகன் அண்ணை எங்களைக் கண்டதும் உரப்பை ஒன்றைத் தலையில் போட்டுக்கொண்டு பின்வாசலால் இறங்கிப் பம்ப் கொட்டிலுக்குப் போய்விட்டார் – நாங்கள் சங்கடப்படக்கூடாது என்று. சொந்த வீட்டிலிருந்து மழைக்குள் ஒதுங்கிய ஆள்! என் கணவர் அதைப் பார்த்துவிட்டுத் தானும் நனைந்துகொண்டு கொட்டிலுக்குப் போனார்.

அக்கா ஒரு துவாய் கொண்டுவந்து ஜெனியின் தலையைத் துவட்டினார். நனைந்த சட்டைக் கையைப் பிழிவதற்காக மடித்தார். கறுப்பு நூல் அவர் விரலுக்கு நேரே கிடந்தது. இரண்டு கதிரை தள்ளிக் கொன்ஸி அன்ரி.

அக்கா மடித்த கையை இறக்கிவிட்டார். பொத்தானையும் பூட்டினார். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “தலை நல்லாக் காயட்டும் பிள்ளை” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அவ்வளவுதான். ஒரு பொத்தான் பூட்டும் நேரம். நான் இத்தனை வருடம் கேட்ட பிரசங்கங்களில் எதுவும் அந்தளவு கெதியாக எனக்கு விளங்கியதில்லை.

“மழை விடுமட்டும் சும்மா இருப்பம்” என்றார் ரீச்சர். “செபத்தை எங்கட வீட்டில போய்ச் சொல்லுவம். முறை எண்டு ஒண்டு இருக்கு.”

ஆகவே சும்மா இருந்தோம். நடுவில் ஆண்டவர், சுற்றிவர நாங்கள். ஆஸ்பத்திரி வாங்கில் இலக்கம் கூப்பிடக் காத்திருப்பவர்கள் போல.

மறுபடி இடி. கரண்ட் போயிற்று. ஜெசிந்தா அக்கா குருத்து ஞாயிறுக்குக் கோயிலில் தந்த குருத்தோலைத் துண்டொன்றை எடுத்துக் குசினி அடுப்பில் போட்டார். இடிக்கு அதுதான் எங்கள் மருந்து. புகை விறாந்தைக்கு வந்தது. மூன்றாவது இடி கூரைக்கு மேலேயே விழுந்தது போல வந்தபோது, கொன்ஸி அன்ரி கண்ணை இறுக மூடிக்கொண்டு இரக்கத்தின் செபமாலையை உரத்த குரலில் தொடங்கிவிட்டார்.

ஒருவர் தொடங்கினால் மற்றவர்கள் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. சின்ன வயதிலிருந்தே பழகிய வாய். ரீச்சரின் உதடும் அசைந்தது. முறைக்கும் இடிக்கும் போட்டி வந்தால் இடிதான் வெல்லும் என்று கண்டேன்.

உலகம் முழுவதற்கும் இரக்கம் கேட்கும் செபம் அது. நாங்கள் வருடக்கணக்காகச் சொல்கிறோம். உலகம் முழுவதும் என்றால் நீலக் கேற்றுக்கு உள்ளே இருக்கும் பகுதியும் சேர்த்தியாகத்தான் இருக்கவேண்டும்... அன்றைக்குத்தான் உறைத்தது.

செபமாலை முடிந்தது. முடிந்தால் ரீச்சர் வழக்கமாக ஒன்று சொல்வார். அன்றும் வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

“வீட்டுக்காரர் கருத்தைச் சொல்லுங்கோ.”

சொன்ன பிறகுதான் யார் வீட்டில் இருக்கிறோம் என்று அவருக்கு ஞாபகம் வந்தது. அந்த அரை இருட்டிலும் முகத்தில் தெரிந்தது.

“தாசனுக்காக, ரீச்சர்” என்றார் ஜெசிந்தா அக்கா. காத்திருந்தவர் போல.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும். எங்கள் செபத்தின் முடிவில் இரண்டு சின்னச் செபங்கள் உண்டு. ஒன்று தூரத்தில் இருப்பவர்களின் சுகத்துக்கு – கனடா, லண்டன், கட்டார் என்று போனவர்களுக்கு. மற்றது இறந்தவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்கு. வீட்டுக்காரர் பெயரைச் சொன்னால் ரீச்சர் அதற்குரிய செபத்தைச் சொல்வார்.

“தூரத்தில இருக்கிற ஆக்களின்ர செபமோ, ஆன்மாக்களின்ர செபமோ?”

கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. தபால் கந்தோரில் ‘உள்நாடோ, வெளிநாடோ’ என்று கேட்பதுபோலக் கேட்டார்.

என்ன சொல்வது? தூரத்தில் இருப்பவர் என்றால், கணவன் உயிரோடு இருக்க இன்னொருவரோடு வாழ்கிறவள் என்று எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டதாகும். ஆன்மா என்றால், இத்தனை வருடம் வைக்காத கையெழுத்தை வாயால் வைத்ததாகும்.

“தெரியாது ரீச்சர்” என்றார் அக்கா.

கூரையில் சத்தம் குறைந்துகொண்டு வந்தது.

“மழை விட்டிட்டுது. வாங்கோ எல்லாரும்” என்றார் ரீச்சர். படம் எழும்பியது. நாங்களும் எழும்பினோம். தாசன் அண்ணைக்காக ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

ரீச்சர் வீட்டில் முழுச் செபமும் முதலிலிருந்து மறுபடி சொன்னோம். பிறகு ரோல்ஸ் கடிக்கும்போது விவாதம்.

“நாங்கள் அங்க போகேல்லை. ஒதுங்கினனாங்கள்” என்றார் கொன்ஸி அன்ரி. “போறது வேற, ஒதுங்கிறது வேற.”

“செபம் சொன்னதே?” என்றார் இவர். தலை இன்னும் ஈரம்.

“அது இடிக்குச் சொன்னது.”

“அப்ப படம்? நீங்கள்தானே அன்ரி மேசையில வைச்சனீங்கள்?”

“வைக்கேல்லைத் தம்பி. கை நொந்தது, இறக்கினனான்.”

ரீச்சர் தீர்ப்பு... மன்னிக்கவும், விளக்கம் சொன்னார். முறைப்படி வீட்டுக்காரர் அழைக்கவேண்டும், முன்வீட்டுக்காரர் கையளிக்கவேண்டும், நாள் குறித்திருக்கவேண்டும். இவை இல்லாததால் அது வருகை ஆகாது. எனக்குத் தெரிந்தவரை ஆண்டவர் உலகத்துக்கு வந்ததே இந்த நிபந்தனைகள் ஒன்றும் இல்லாமல்தான். ஆனால் நான் வாயில் ரோல்ஸ் வைத்திருந்தேன்.

வீட்டுக்கு நடக்கும்போது ஜெனி கேட்டாள்: “அம்மா, ஆண்டவர் ஜெசிந்தா பெரியம்மா வீட்டை போனவரோ, இல்லையோ?”

“நாளைக்குச் சொல்லுறன்” என்றேன். இன்னும் அந்த நாளை வரவில்லை.

மறுநாள் காலை ஜெசிந்தா அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஜெனி மறந்துவிட்டு வந்த செருப்பு. ஒரு பார்சல் இடியப்பம்.

“தங்கச்சி, சனிக்கிழமை உங்கட வீட்டு முறைதானே?”

“ஓம் அக்கா.”

“உங்கட கருத்துச் சொல்லேக்க... என்ர கருத்தையும் ஒருக்காச் சொல்லிவிடுவீங்களே? கன வருசமா நான் தனியச் சொல்லுறன். நாலு பேர் சேந்து சொன்னா ஒரு பலம் எண்டு மனதுக்குப் படுது.”

“ஓம் அக்கா” என்றது என் வாய். பிறகுதான் கேட்டேன். “எந்தச் செபம் அக்கா சொல்லுறது?”

அவர் என்னைப் பார்த்தார். கோபமில்லை. “அது தெரிஞ்சா நான் ஏன் தங்கச்சி உங்களிட்ட வாறன்?”

சனிக்கிழமை வரை நான் பட்ட பாடு! முதலில் சொல்வது என்று நினைத்தேன். பிறகு, பிள்ளை முதன்முதல் நற்கருணை வாங்கும் முதல் நன்மை வரப்போகிறது, ரீச்சர்தான் மறைக்கல்வி படிப்பிக்கிறார், எதற்கு வம்பு என்று நினைத்தேன். பிறகு பெயர் சொல்லாமல் ‘ஒருவருக்காக’ என்று சொல்லலாம் என்று நினைத்தேன் – அது நீலக் கேற் முறையல்லவா? என் கணவரிடம் கேட்டேன். “சொல்லுறதெண்டாச் சொல்லும், இல்லாட்டி அந்த மனுசியிட்ட ஏலாதெண்டு போய்ச் சொல்லும். ரெண்டும் இல்லாமல் பற்றீஸ் பொரியாதையும்” என்றார். எனக்குப் பற்றீஸ் பொரிப்பது எளிதாக இருந்தது.

சனிக்கிழமை மாலை. வீடு நிறையச் சனம். ஜெசிந்தா அக்காவும் வந்திருந்தார். உள்ளே வாருங்கள் என்று இரண்டு தரம் சொன்னேன். வாசலில், செருப்புகளுக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டார்.

செபமாலை முடிந்தது. “வீட்டுக்காரர் கருத்து?”

“பிள்ளையின்ர முதல் நன்மைக்காக...” என்றேன். பிறகு வாசல் பக்கம் பார்த்தேன். “தாசன் அண்ணைக்காக.”

ரீச்சர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். “எந்தச் செபம் பிள்ளை?”

சத்தியமாக நான் ஒன்றும் திட்டமிடவில்லை. வாயில் வந்ததுதான். “ரெண்டையும் சொல்லுங்கோ ரீச்சர்.”

“ஒரே ஆளுக்கு ரெண்டும் சொல்லேலாது பிள்ளை.”

“ஏன் ரீச்சர்?”

எதிர்த்துக் கேட்கவில்லை. உண்மையில் எனக்குத் தெரியாது, அதனால் கேட்டேன். ரீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டார்.

பிறகு மெதுவாக முதலாவது செபத்தைத் தொடங்கினார். தூரத்தில் இருக்கும் தாசனை நோய்நொடியில்லாமல் காத்தருளும் என்று. நாங்கள் பதில் சொன்னோம். ஒரு மூச்சு விட்டுவிட்டு இரண்டாவதைத் தொடங்கினார். இறந்த தாசனின் ஆன்மாவுக்கு இளைப்பாற்றி தந்தருளும் என்று. அதற்கும் பதில் சொன்னோம். கேட்டால் பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் வாசலில் இருந்தவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

முடிந்தது என்று சிலுவை அடையாளம் போடக் கை தூக்கிவிட்டோம். அப்போது மூலைக் கதிரையிலிருந்து ஒரு குரல்.

“ரீச்சர்... என்ர சுதனையும் சொல்லுங்கோ.” கொன்ஸி அன்ரி. “ரெண்டிலயும்.”

சுதன் அன்ரியின் மூத்த மகன். அவனும் அதே கடைசி நாட்களில் காணாமல்போனவன்தான். இத்தனை வருடமும் அவன் பெயரை அன்ரி முதலாவது செபத்துக்கு மட்டுமே கொடுப்பார், கனடா, லண்டன் பிள்ளைகளோடு பிள்ளையாக. ‘எந்தச் செபம்’ என்று அவரிடம் மட்டும் நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை.

ரீச்சர் இரண்டிலும் சொன்னார்.

பிறகு தேத்தண்ணி கொடுத்தேன். அன்ரி மூக்கைத் துடைத்துவிட்டு ஒரு பற்றீஸ் எடுத்துக் கடித்தார்.

“உப்புக் காணாது பிள்ளை” என்றார்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. அன்ரி அன்ரியாகத்தான் இருக்கிறார்.

அடுத்த நாள் இறை இரக்க ஞாயிறு. பூசையில் பாதர் பிறரைத் தீர்ப்பிடாமை பற்றி உருக்கமாகப் பிரசங்கம் வைத்தார். வெளியே வந்ததும், “இது இன்னாருக்குத்தான் சொன்னவர்” என்று ஒவ்வொருவரும் இன்னொருவரைக் காட்டினோம். பிரசங்கம் ஒருவருக்கும் வீணாகவில்லை.

இனித்தான் நான் உங்களிடம் கேட்க வந்த விசயம்.

மாத முதல் வெள்ளியில் எங்களுக்குச் செபக்கூட்டம். யார் வீட்டில் என்று இன்னும் முடிவாகவில்லை. நேற்று ஜெசிந்தா அக்கா சைக்கிளை நிறுத்திக் கேட்டார்: “தங்கச்சி, இந்த முறை என்ர வீட்டில வைக்கலாமோ எண்டு ஒருக்காக் கேட்டுப் பாருங்கோவன். எல்லாத்துக்கும் மழை வருமெண்டு பாத்துக்கொண்டிருக்கேலாதுதானே?”

கொன்ஸி அன்ரியிடம் மெல்லக் கதை கொடுத்துப் பார்த்தேன். “ஜெசிந்தா நல்ல பிள்ளை. அவவில எனக்கு ஒரு குறையும் இல்லை. தீர்ப்பிடுறன் எண்டு நினைக்காதேங்கோ, ஆனா... அந்த மனுசன் வீட்டில நிக்கேக்க எப்பிடி?” என்றார். சனிக்கிழமை அழுத அதே கண்தான். சுதனுக்கு ஒரு நியாயமும் தாசன் அண்ணைக்கு ஒரு நியாயமும் ஒரே நெஞ்சுக்குள் சண்டையில்லாமல் குடியிருக்கின்றன. என் நெஞ்சிலும் அப்படி எத்தனை சோடி குடியிருக்கிறதோ?

யோகன் அண்ணையை மறுபடி கொட்டிலுக்கு அனுப்பிவிட்டுக் கூட்டம் வைப்பதா? அவரையும் ஒரு கதிரையில் இருத்தித்தான் வைப்பேன் என்று நான் சொல்வதா? சொன்னால் ரீச்சர் ஒத்துக்கொள்வாரா, குழு இரண்டாகுமா, அந்தக் கோபம் அக்காவின் தலையில்தான் விழுமா? அக்காவிடம் ‘பார்ப்போம்’ என்று சொல்லியிருக்கிறேன். அவர் ‘பார்ப்போம்’ கேட்டே வாழ்ந்தவர். இன்னொன்றை நானும் கொடுத்துவிட்டேன்.

ஆகவே வாசகர்களே, உங்கள் ஊரில் இப்படி ஒரு கூட்டத்தில் யாராவது எழும்பி முதல் வசனத்தைச் சொல்லியிருப்பார்கள். அந்த வசனம் என்ன என்று எனக்கு எழுதி அனுப்புங்கள். முதல் வெள்ளிக்கு முன் கிடைத்தால் பெரிய உபகாரம்.

‘உங்களுக்காகச் செபிக்கிறோம்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள் – அதில் எங்கள் ஒழுங்கையை வெல்ல ஆளில்லை!